எங்கள் வீட்டுக்கு வந்த அட்டாக்

கடல் தந்தியில் வரும் இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. பினாங்குத் துறைமுகத்துக்கு நாலு தெரு உள்ளே, அரிசிக் கிட்டங்கிக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவில் எங்கள் பத்திரிகையின் அச்சுக்கூடம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் கண் அசரும் நேரத்தில் தந்திகள் வரத் தொடங்கும். தாள் பறக்காமலிருக்க ஒரு ஈயக் கட்டையை மேலே வைத்துக்கொண்டு, உலகம் அன்று என்ன செய்தது என்று எழுத உட்காருவேன். உலகம் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. அட்டாக்.

சீனத்து நகரம் ஒன்றின் மேல் அட்டாக். லண்டன் சபையில் ஒரு கனவான் இன்னொரு கனவானின் கொள்கை மேல் அட்டாக். கெடாப் பக்கத்துத் தென்னைகளில் கொம்பு வண்டு அட்டாக். சிங்கப்பூர்ப் பந்தாட்டத்தில் ஒரு கட்சியின் அட்டாக் வெகு அழகாயிருந்ததாம். யாரோ ஒரு துரைக்கு மலேரியா அட்டாக், அதனால் அவர் கப்பலேறவில்லை.

"எல்லாத்துக்கும் தாக்குதல்னு போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க," என்பார் ஆசிரியர். அவருக்கு அச்சு ஏறும் நேரம்தான் கடவுள். நானும் அப்படியே போடுவேன். உள்ளே எழுத்துக் கோக்கிறவர் தலையை நீட்டி, "ஐயா, பெட்டியில 'த' தீந்துபோச்சு. ஒரு தாக்குதலுக்கு ரெண்டு 'த' போகுது. சண்டைக்காரனுக்கு மட்டும் வச்சிக்கிட்டு மத்தவங்களுக்கு வேற வார்த்தை குடுங்க," என்று கத்துவார்.

அப்படித்தான், எழுத்துப் பஞ்சத்தில், நான் வேறு வார்த்தைகளைத் தேடப் போனேன். தேடினால் எல்லாம் வீட்டிலேயே கிடந்தன. பயிரில் பூச்சி விழும். அச்சுத் தகட்டைத் திராவகம் தின்னும். பந்தாட்டக்காரன் ஏறி வருவான். பேச்சுக்காரன் சாடுவான். காய்ச்சல் வரும். அம்மை வந்தால் அதையும் தாயென்று கூப்பிட்டு, வேப்பிலையில் படுக்க வைத்து, அவள் இறங்கிப் போகட்டும் என்று வாசலைப் பார்த்துக் காத்திருப்போம். இங்கிலீஷ்காரனின் நோய்க்குக் கையில் ஆயுதம் இருக்கிறது. நம்முடைய நோய்க்கு வெறும் கால்கள்தான். வரும், இருக்கும், போகும்.

என் மனைவிக்கு முறைக்காய்ச்சல் வந்தபோதும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம். வந்தது போய்விடும் என்று. போகத்தான் செய்தது, அவளையும் கூட்டிக்கொண்டு. அதற்குப் பிறகு எனக்குள்ளே ஓர் இடம், பல் பிடுங்குவதற்கு மருந்து போட்ட ஈறு மாதிரி ஆகிவிட்டது. நாக்கால் தொட்டால் இருப்பது தெரியும். அவ்வளவுதான். தங்கை வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டு மாடியறையில் வைத்தாள். "இங்கேயே இருண்ணே. சோத்துக்கு மட்டும் கீழ வா," என்றாள். வந்தேன். இருந்தேன்.

அந்த வீட்டில் பிள்ளைகள் இல்லை. ஒரு கார்னெட் இருந்தது.

அது என் மச்சானுடையது, தங்கையின் புருஷன். பித்தளைக் குழல், முழங்கை நீளம்கூட இருக்காது, மூன்று பொத்தான்கள், சிவப்பு வெல்வெட் வைத்த பெட்டிக்குள் பிறந்த குழந்தை மாதிரி படுத்திருக்கும். ஊரில் இருந்த தனியார் பேண்டு ஒன்றில் அவர்தான் முதல் கார்னெட். கல்யாணம், கடைத் திறப்பு, பாடாங் திடலில் கடற்காற்று வாங்க வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு என்று எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பேண்டுக்குச் சோறு போட்டது சீனர்களின் சாவு ஊர்வலங்கள்தான். பெரிய தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவர் போய்விட்டால் சவ வண்டிக்கு முன்னால் வெள்ளைச் சட்டையும் தங்கச் சரிகையும் தொப்பியுமாக எங்கள் மச்சான் நடப்பார்.

பேண்டு மாஸ்டர் ஒரு மணிலாக்காரர். எல்லாரிடமும் கடைத்தெரு மலாயில் பேசுவார். பாட்டு விஷயம் வந்தால் மட்டும் இங்கிலீஷ். தங்கை வீட்டுக்கு வந்த புதிதில், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் அவர்கள் பழகும் இடத்துக்குப் போனேன். சாக்குக் கடை மாடி. ஏறும்போதே மாஸ்டர், "அட்டாக்! அட்டாக்!" என்று கத்துவது கேட்டது. அடிதடி என்று நினைத்து நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

மச்சான் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். "அது சண்டை இல்ல மச்சான். சத்தம் பொறக்கற எடம். நாக்கு நுனிய வச்சு 'து'ன்னு எடுக்கணும். எடுத்ததும் காத்து ஓடணும். முந்தினா பிசிறும், பிந்தினா இழுக்கும். நம்ம ஆளுங்க எடுப்புன்னு சொல்றாங்கல்ல, அதான். மத்தத எல்லாம் எவன் வேணாலும் ஊதுவான். எடுக்கறவன்தான் முதல் கார்னெட்டு."

பேண்டு நின்றிருக்கும். முரசு இரண்டு தட்டுத் தட்டும். அடுத்து ஒரே ஒரு கார்னெட் மட்டும் தனியாக எடுக்க வேண்டும். அது எடுத்த பிறகுதான் மற்ற பித்தளைகள் எல்லாம் சேர்ந்து விழும். அந்த ஒரு நொடி, ஊரில் வேறு யாரும் எதுவும் செய்வதில்லை என்று தோன்றும். அந்த நொடிக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று நினைக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதில்லை. கேட்டால், "வயித்துப் பொழப்பு லா," என்றிருப்பார்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. தங்கை, "வாய்வு," என்றாள். அவரும், "வாய்வுதான்," என்றார். நானும் தலையை ஆட்டினேன். எங்கள் ஜனங்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் அது வாய்வு. தோளுக்குப் போனால் வாய்வுப் பிடிப்பு, முதுகுக்குப் போனால் வாய்வுக் குத்தல். பூண்டைத் தட்டிப் பாலில் போட்டுக் கொடுத்தாள். ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பக்கத்து வீட்டு அக்கா சூட்டுத் தைலம் கொண்டுவந்தாள். அவர் ஏப்பம் விட்டபோது எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அப்புறமும் அந்த வாரமெல்லாம் அவர் படியேறி இறங்கினார், ஒரு சாவுக்குப் போய் ஊதிவிட்டுக்கூட வந்தார். வந்த அன்று வாசற்படியிலேயே, பெட்டியை மடியில் வைத்தபடி, உதடெல்லாம் நீலம் பாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுகிற மாதிரி. பிறகு என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்: இவருக்கு ஏற்கெனவே ஓர் அட்டாக் வந்துவிட்டது. இன்னொன்று வந்தால் தாங்காது. மலை ஏறக்கூடாது, மூட்டை தூக்கக்கூடாது, அந்தக் குழலை ஊதவே கூடாது.

நான் அதைத் தமிழில் சொன்னேன். என் தொழிலே அதுதானே. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. தந்திச் செய்தி மாதிரி என் வாயிலிருந்து வந்தது.

"வந்துட்டுப் போயிடுச்சா?" என்றார் மச்சான். "நம்ம வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கு, நமக்கே தெரியலயே. பூண்டுப் பாலு குடுத்துல்ல அனுப்பியிருக்கா ஒந்தங்கச்சி."

தங்கை சிரிக்கவில்லை. "ஊதக் கூடாதுன்னாரா?" என்று என்னை மட்டும் கேட்டாள்.

"கூடாதாம்."

"சரி," என்றாள். வீட்டுக்கு வந்ததும் கார்னெட் பெட்டியை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று அவளால் பார்த்துக்கொள்ள முடியும்.

ஊதாத மச்சானை எங்களுக்குப் பழக்கமில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்தபடி வலது கையின் மூன்று விரல்களால் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். வீட்டுக்குள் பாட்டு நடந்துகொண்டிருக்கும், யாருக்கும் கேட்காது. தங்கை கடுகு தாளிக்கும்போது விரல் நிற்கும். தாளிப்பு அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு கவளத்தில் கையைக் கழுவிவிடுவார். "இப்படியே போனா அட்டாக்கு வரவே வேணாம்," என்றாள் தங்கை என்னிடம், முறத்தைப் பார்த்துக்கொண்டு.

மாஸ்டர்தான் ஒரு வழி சொன்னார். இந்த ஊரில் சாவுப் பேண்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. சீன வீட்டார் பேண்டுக்குத் தலை எண்ணித்தான் கூலி பேசுவார்கள். ஆள் அதிகமானால் செத்தவருக்கு மரியாதை அதிகம். ஊதத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் எங்கே கிடைப்பார்கள்? ஆகவே வரிசையில் மூன்றில் ஒருவர் சும்மா ஆள். சட்டை உண்டு, தொப்பி உண்டு, உடைந்த குழலோ ஓட்டைக் குழலோ கையில் உண்டு. வாயில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும், ஊதக்கூடாது. ஊதினால் மாஸ்டரின் கோல் முதுகில் விழும். பேண்டுக்காரர்கள் அவர்களை ஊமைகள் என்று கூப்பிடுவார்கள். துறைமுகத்தில் வேலை கிடைக்காத ஆட்களும், டிராமில் டிக்கெட் கிழித்து ஓய்ந்தவர்களும் ஊமைகளாக நடந்திருக்கிறார்கள்.

"ஊமையா வா," என்றார் மாஸ்டர் மலாயில், எங்கள் வீட்டு முக்காலியில் உட்கார்ந்து. "நட. பிடி. ஆனா ஜாங்கான் தியுப்." ஊதாதே என்று அர்த்தம்.

மச்சான் தங்கையைப் பார்த்தார். முதல் கார்னெட்டாக இருந்தவனை ஊமை வரிசையில் நடக்கச் சொல்கிறார்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை, பசி.

தங்கை அரிசிப் பானைப் பக்கம் பார்த்தாள். பிறகு, "அண்ணே கூட நடக்கட்டும்," என்றாள். "காலையிலதானே சாவு போகுது. அண்ணனுக்கு மத்தியானம்தானே ஆபீசு." என் பக்கம் திரும்பினாள். "பக்கத்துலயே நட. இவரு கன்னத்தப் பாத்துக்கிட்டே வா. உப்புச்சுன்னா வந்து சொல்லு."

வெளியே வந்ததும் மச்சான் என் காதருகில் சொன்னார்: "நல்ல ஊத்துக்காரனுக்குக் கன்னம் உப்பாது மச்சான். உப்பறவன் ஊமைப் பயதான்."

அப்படியாக நான் முகம் அறியாத பல பேரின் கடைசி ஊர்வலங்களில் நடந்தேன். துக்கம் கேட்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை. ஒரு மனுஷனின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். துக்கத்துக்குச் சாக்குத் துணி போர்த்திய பிள்ளைகள் அழுதுகொண்டே போவார்கள். காகித விளக்குகள், எழுத்துக் கொடிகள், ஊதுவத்திப் புகை. தார் ரோட்டில் வெயில் ஏறும். மச்சான் கார்னெட்டை உதட்டில் வைத்திருப்பார், படாமல், ஒரு நூல் இடைவெளியில். விரல்கள் மட்டும் சரியான பொத்தானைச் சரியான நேரத்தில் அழுத்தும். மற்ற ஊமைகளின் விரல்கள் எங்கோ மேயும். இவருடையவை மட்டும் வேலை செய்தன. ஊதுகிறவனுக்கும் இவருக்கும் இடையில் மூச்சு ஒன்றுதான் பாக்கி.

அலுவலகம் போய் உட்கார்ந்தால் மறுபடி அட்டாக், அட்டாக். எந்த நகரம், எந்த வண்டு, எந்தக் கனவான் என்று பிரித்துப் பிரித்து எழுதுவேன். எழுதும்போதெல்லாம் ஒரு காது வாசல் பக்கமே இருக்கும். யாராவது ஓடிவந்து, "ஐயா, உங்க வீட்டுல," என்று தொடங்குவார்கள் என்று. ஒவ்வொரு நாளும் யாரும் வரவில்லை. வராததும் ஒரு செய்திதான், அச்சடிக்க முடியாத செய்தி.

அவருக்குப் பதிலாக முதல் கார்னெட்டுக்கு வந்தவன் மெலிந்த ஆள், கோவாக்காரன். நன்றாகத்தான் ஊதுவான், ஆனால் பயந்தவன். சாவுக்கு வந்திருக்கிறோம் என்பதை அவனால் மறக்க முடியவில்லை.

ஆயர் ஈத்தாம் பக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்த ஒரு தவுக்கேயின் ஊர்வலம் அன்று. பினாங்கு ரோட்டு முனையில் டிராம் ஒன்று மறித்துக்கொண்டதால் எல்லாம் நின்றது. சவ வண்டி நின்றது, கொடிகள் நின்றன, அழுகைகூடக் கொஞ்சம் நின்றது. டிராம் விலகியது. இனி வண்டி நகர வேண்டும். நகர்வதென்றால் பேண்டு எடுக்க வேண்டும். மாஸ்டர் கோலை உயர்த்தினார். முரசு இரண்டு தட்டு.

ஒன்றும் வரவில்லை.

கோவாக்காரன் குழலை வாயில்தான் வைத்திருந்தான். உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டதோ, நெஞ்சு உலர்ந்ததோ. ஒரு கிறீச்சென்ற காற்று மட்டும் வந்து செத்தது. சவ வண்டிக்கு முன்னால் நின்றிருந்த மூத்த மகன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அப்பாவின் கடைசிப் பயணத்தில் வண்டி பாட்டில்லாமல் முனை திரும்புவதா? அவன் முகம் வெளுத்தது. மாஸ்டர் மறுபடி கோலை உயர்த்தினார். முரசு இரண்டு தட்டு.

எனக்குப் பக்கத்தில் ஊமை வரிசையிலிருந்து அது வந்தது.

எப்படியிருந்தது என்று எழுத இத்தனை நாளாகப் பார்க்கிறேன். வார்த்தை விற்றுப் பிழைக்கிறவன். எனக்கு அப்போது ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் உண்மை. மயிர்க்கூச்செறியவில்லை, கண் கலங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் கன்னத்தை. அது உப்பவில்லை. டிராம் கம்பியில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது, அது பறக்கவில்லை. தெரு முழுக்க ஒரே ஒரு பித்தளைச் சத்தம் நேராக நின்றது. அதன் மேல் மற்ற குழல்கள் எல்லாம் வந்து விழுந்தன. வண்டி நகர்ந்தது. மூத்த மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு அடியை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு மச்சான் குழலை ஒரு நூல் நகர்த்திக்கொண்டார். விரல்கள் மட்டும் ஓடின. மறுபடி ஊமை.

நான் அவர் முழங்கைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டே நடந்தேன், விழுந்தால் பிடிக்க. இடுகாட்டு வாசல்வரை நடந்தேன். அவர் விழவில்லை. இனி வரும், இனி வரும் என்று நான் காத்திருந்தது வரவேயில்லை.

எல்லாம் முடிந்ததும் மாஸ்டர் வந்தார். "கீலா!" என்று திட்டினார், பைத்தியமே என்று. தொப்பியைக் கழற்றி மச்சான் நெஞ்சில் அடித்தார், மெதுவாகத்தான், அந்த இடம் என்னவென்று நினைவு வந்து பாதியிலேயே கை நின்றது. நாலு எட்டு போய்த் திரும்பி, "அட்டாக்... பாகுஸ்," என்றார். நன்றாயிருந்தது என்று. சாவு வீட்டார் எல்லாருக்கும் கொடுக்கும் சிவப்பு நூலையும் மிட்டாயையும் மச்சான் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் நான் பார்த்தேன். அவர் மேலுதட்டு நடுவில் சின்னச் சிவப்பு வளையம். ஊதுவாயை அழுத்தி வைத்த அடையாளம்.

"மச்சான், உதடு."

தொட்டுப் பார்த்தார். "ஐயையோ," என்றார். நெஞ்சு நோய்க்குப் பயப்படாதவர் அந்த வளையத்துக்குப் பயந்தார். முன்பெல்லாம் நித்தமும் ஊதித் தடித்த உதடு, ஒரு மணி நேரம் ஊதினாலும் உடனே மறைந்துவிடும். இப்போது மெத்தென்று ஆகிவிட்டது, பதிந்ததை விடமாட்டேன் என்கிறது.

கப்பித்தான் பள்ளிவாசலுக்கு எதிர்ச் சந்தில், எல்லாரும் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரின் கடையில் உட்கார்ந்தோம். தேத்தண்ணி சொன்னோம். ஆவியில் உதட்டைக் காட்டினார். இன்னும் சிவந்தது. விரலால் தேய்த்தார். இன்னும்.

கடைக்கார காக்கா பார்த்துவிட்டார். "என்ன அண்ணே, கஸ்டம்ஸ்ல பிடிச்சு முத்திரை குத்திட்டாங்களா?"

"குழல் பட்டுருச்சு."

"குழலா, வேற ஏதுமா? அண்ணிக்கிட்ட நான் சாட்சிக்கு வரமாட்டேன் லா, இப்பவே சொல்லிட்டேன்."

"அண்ணி பாத்தா அது வேற எதுவாவது இருக்கக் கூடாதான்னு நான் வேண்டிக்கணும் காக்கா," என்றார் மச்சான். காக்கா சிரித்துச் சிரித்துப் பால் டின்னைக் கீழே விட்டார். அவரே ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, "இதத் தடவுங்க, மறைஞ்சிரும்," என்றார். தடவினோம். நானும் காக்காவும் மாறி மாறிக் குனிந்து பார்த்து, "இப்ப பரவால்ல," "இப்ப அவ்வளவாத் தெரியல," என்று சொல்லிக்கொண்டோம். மூன்று ஆண்பிள்ளைகள் ஓர் உதட்டைச் சுற்றி. பள்ளியில் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்திருந்தோம். அலுவலகத்தில் எனக்காக உலகம் குவிந்து கிடந்தது. போகவில்லை.

"எப்படிய்யா இருக்கு உள்ள?" என்று கேட்டேன்.

நெஞ்சில் கையை வைத்து யோசித்தார். "காலியா இருக்கு. நல்ல காலி," என்றார். அதை நான் எந்தப் பாஷையிலும் போடத் தெரியாமல் வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனபோது தங்கை விளக்கேற்றியிருந்தாள். மச்சான் முதல் காரியமாக மிட்டாயை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"கன்னம் உப்புச்சாண்ணே?"

"இல்ல," என்றேன். உண்மையும் அதுதான்.

"சரி, கையக் கழுவிட்டு வாங்க," என்று மீன் குழம்பை இறக்கினாள். அவர் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டார். அவள் போட்டாள். மூன்றாம் முறை கேட்காமலே போட்டாள்.

அதற்குப் பிறகு அவர் ஊதவில்லை. கோவாக்காரனுக்குப் பயம் தெளிந்துவிட்டது, நன்றாகவே எடுத்தான். ஊமை வரிசையில் அவரும், பக்கத்தில் நானும், பல மாதம் நடந்தோம்.

மழைக்காலத்தில் ஒரு காலை. சாவு எதுவுமில்லாத நாள். பசாருக்குப் போகிறேன் என்று எழுந்தார். செருப்பு வாரை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. உள்ளிருந்து தங்கை, "கத்திரிக்கா முத்தலா வாங்கிட்டு வந்துராதீங்க," என்றாள். பதில் வரவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் கரண்டியோடு. இத்தனை நாள் நான் அலுவலகத்தில் காது வைத்துக் காத்திருந்தது இப்படித்தான் வந்தது. ஆயுதமில்லை, சத்தமில்லை. கதவு திறந்திருக்க, பழகிய ஆள் மாதிரி.

குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு அவள் குனிந்து, இரண்டு கையாலும் அவர் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். சுற்றியிருந்த பெண்கள் ஏதோ சொல்லி அழப்போகிறாள் என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் அழவில்லை. மேலுதட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு முகத்தை நேராக வைத்தாள்.

பத்திரிகையில் ஒரு வரி போட்டோம். எழுத்துக் கோக்கிறவர் என் தாளை வாங்கிப் பார்த்தார். நான் எழுதியிருந்தது மாரடைப்பு. "இதுக்கு 'த' வேணாம்," என்று மட்டும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு மறுபடி வெறும் வீடாகக் கிடந்த ஒரு பொழுதில் நானும் அவளும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். மழை விட்டிருந்தது. கீழே சாக்கடையில் தண்ணீர் ஓடியது.

"உதட்டுல ஒண்ணுமே இல்லண்ணே," என்றாள். "வழுவழுன்னு இருந்துச்சு. ஊதாம இருந்தும் போயிட்டாரு. ஊதிட்டே போயிருக்கலாம். நாந்தான் அந்தப் பொட்டிய அரிசிப் பானைக்குப் பின்னால..."

"ஒரு நாள் ஊதினார்," என்றேன். சொன்னேன்: டிராம், முரசு, வெளுத்த மகன், காகம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"மிட்டாயக் குடுத்தாரே, அப்பவே பாத்தேன். விளக்குக்கு எதுக்க வந்து நிக்கிறாரு. உதடு பளபளன்னு மின்னுது, நடுவுல வட்டமா வரி. எண்ணெயத் தடவினா இன்னும் நல்லாத்தானே தெரியும். எந்த அறிவாளி சொன்னான் உங்களுக்கு?"

"காக்கா."

"ஆம்பளைங்க." அவள் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"ஏன் கேக்கல அப்ப?"

"கேட்டா என்ன சொல்லப் போறாரு. இல்லம்பாரு. நீயும் இல்லம்பே. அந்த மூஞ்சியப் பாத்து ரொம்ப நாளாச்சுண்ணே. அதக் கேட்டுக் கெடுப்பானேன்னு சோத்தப் போட்டேன்." முந்தானையால் படியில் விழுந்திருந்த மழைத் துளியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "ஆனா நான் கேக்கல பாரு, அந்த சத்தத்த. நீதான் கேட்டே."

"ம்."

"நல்லா எடுத்தாராண்ணே?"

தாக்குதல், சாடல், எடுப்பு, ஏற்றம். என்னிடம் இருந்த பெட்டியில் எல்லா எழுத்தும் இருந்தன அன்றைக்கு. ஒன்றைக்கூட எடுக்கத் தோன்றவில்லை.

"எடுத்தார்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய வலது கை படியின் மேல் கிடந்தது. மூன்று விரல்கள் மட்டும் மரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. அது அவளுக்குத் தெரியாது.